முயல் சொன்ன சொந்தம்

பண்டாரவளை
12.01.1974

அன்புள்ள ஜெனீரா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா, உம்மா, கோழிகள் உட்பட எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். (சரி, மூன்று நேரம்.)

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: பண்டாரவளை மஹ்ரூப் ஸ்டோர்ஸ் உரிமையாளரின் ஏக புத்திரர், வயது பதினைந்து நிரம்பிய ஸரூக் அவர்களின் மேலுதட்டில், கடந்த வியாழக்கிழமை காலை மீசை உதயமாகியுள்ளது. மொத்தம் ஏழு முடி. எட்டாவது பரிசீலனையில் உள்ளது. கண்டியிலுள்ள தக்க பெரியோர்களிடம் இச்செய்தியைச் சேர்ப்பிக்க வேண்டியது தங்கள் கடமை.

அடுத்த செய்தி அவ்வளவு முக்கியம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

பூனாகலைத் தோட்டத்திலிருந்து நல்லம்மாக்கா வந்து, அவர்களுடைய லயத்து வரிசையில் உள்ள பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாப்பாவிடம் விதை உருளைக்கிழங்கு வாங்கிப் போனாரே, டிசம்பரில்? அந்தச் செடிகளின் இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்டுவிட்டதாம். நேற்று நல்லம்மாக்கா வந்தார். எப்போதும் நேரே உள்ளே வந்து சாக்கின்மேல் உட்கார்ந்து உம்மாவைக் கூப்பிடுகிறவர், படி ஏறவில்லை.

"மொதலாளி, பேக்கரிக்குப் போனா பாணுக்குக் கியூ, மாவுக்குப் போனா இல்லேங்கிறான். இந்தக் கெழங்க நம்பித்தாங்க பன்னெண்டு வீடும் கெடக்கு. வெதையிலேயே சீக்கு இருந்திச்சுன்னு லயமே பேசுது. நான் என்னன்னுங்க சொல்றது?"

வாப்பா, சுத்தமாக இருந்த தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு விவசாயப் போதனாசிரியர் வீரசிங்கம் ஐயா வந்தார். (அவருடைய குடையில் 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை தொங்கியதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.) "இது வைரஸ், மஹ்ரூப். விதையோடை வந்ததோ, பிறகு பிடிச்சதோ எண்டு கண்ணாலை பாத்துச் சொல்ல ஏலாது. முடிவு தெரியும்மட்டும் நீர் விதை விக்கப்படாது" என்றார்.

வைரஸ் என்றால் என்ன ராத்தா? வைரமும் இல்லை, ரசமும் இல்லை. வாப்பா அதே சாக்கில் மிஞ்சியதை நம் வீட்டுப் பின்னால் நட்டிருக்கிறார். அங்கேயும் உம்மாவின் தக்காளிப் பக்கமாக நாலைந்து செடியில் இதே திட்டு. இலை ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு எங்களைக் கைவிடலாமா?

இப்படிக்கு,
மீசைக்கார ஸரூக்


கண்டி
19.01.1974

அன்புத் தம்பி ஸரூக்குக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். இங்கே குளிர் நம் ஊர் அளவுக்கு இல்லை. உம்மாவின் மூட்டு வலி எப்படி? மீசைச் செய்தியை எங்கள் ஆய்வுகூடத்து முயல்களிடம் சொன்னேன். அவற்றுக்கு ஆளுக்கு நாற்பது முடி இருப்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாப்பாவைத் தைரியமாக இருக்கச் சொல். ஒரு வழி இருக்கிறது.

நோன்புக்கு உம்மா கடற்பாசி காய்ச்சுவாரே, அதே மாதிரி ஒன்றைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். அதில் மூன்று குழி. ஒன்றில் முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிவு. அந்த முயலுக்கு முன்கூட்டியே உருளைக்கிழங்கு வைரஸை ஊசியால் ஏற்றியிருப்போம். அதனால் அதன் இரத்தத்துக்கு அந்த வைரஸையும் அதன் சொந்தக்காரர்களையும் அடையாளம் தெரியும். மற்ற இரண்டு குழியிலும் இரண்டு இடத்து இலைச் சாறு. எல்லாம் மெல்ல ஊர்ந்து வந்து சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். இரண்டு கோடும் ஒன்றோடொன்று சேர்ந்து வில்லாக வளைந்தால், இரண்டும் ஒரே வைரஸ். ஒரு கோடு மற்றதைத் தாண்டி முள்ளுப் போல நீண்டால், சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அந்நியர்.

விதையோடு போயிருந்தால் நம் வீட்டிலும் பூனாகலையிலும் ஒரே வைரஸ் இருக்க வேண்டும். வேறு வேறு என்றால் விதைமேல் குற்றம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஆகவே, நம் தோட்டத்து இலை ஒரு பொதி, நல்லம்மாக்காவின் இலை ஒரு பொதி. ஈரத் தாளில் சுற்றி, எங்கே பறித்தது என்று மேலே எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு ரயில் கார்டிடம் கொடு. வாப்பா போனால் லயத்தில் வீண் பேச்சு வரும். நீயே போய், நீயே பறி.

அன்புடன்,
ராத்தா


பண்டாரவளை
29.01.1974

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் மூட்டு மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்கிறது. மற்றப்படி நலம்.

டின் கிடைத்திருக்கும். அதற்குள் இருப்பது வெறும் இலை என்று நினைக்க வேண்டாம். அது என் இரத்தம்.

சனிக்கிழமை காலை புறப்பட்டேன். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சம் நடை. மழையென்றால் மழை, ஆகாயத்தில் யாரோ பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி. அட்டை மட்டும் பதினான்கு. அதில் ஒன்று காதுக்குப் பின்னால்! கங்காணி வீட்டு நாய் கன்றுக்குட்டி அளவு. அது என்னை ஒரு மலை சுற்றித் துரத்தியது. நான் நின்று திரும்பி முறைத்தேன். மீசையைக் கண்டதும் அது வாலைச் சுருட்டிக்கொண்டது. நல்லம்மாக்கா, "சின்ன மொதலாளி, இந்த மழையில நீங்களா வந்தீங்க!" என்று வாயில் கைவைத்து நின்றார். இஞ்சித் தேநீர் மூன்று கோப்பை குடித்தேன். இலையைக் குனிந்து பார்த்து, மோசமானதாகத் தேர்ந்தெடுத்துப் பறித்தேன்.

வாப்பா நான் வந்து சொன்னதைக் கேட்டு என் தலையைத் தடவினார். அவர் அப்படிச் செய்து ஐந்தாறு வருடம் இருக்கும்.

முடிவைச் சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கள் வீரத் தம்பி,
ஸரூக்


கண்டி
11.02.1974

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் நலமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மூன்று தட்டு வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் கோடுகள் வில்லாகச் சேர்ந்தன. ஒரு மயிரிழை முள்ளுக்கூட இல்லை. இரண்டு பொதியும் ஒன்றே. வாப்பாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொல்.

ஒரு சின்ன விஷயம். இரண்டு பொதியிலும் இலை நரம்போடு அடுப்புச் சாம்பல் படிந்திருந்தது. பூச்சிக்காக நம் உம்மா ஒவ்வொரு காலையும் சாம்பல் தூவுவது தெரியும். நல்லம்மாக்காவும் தூவுகிறாரா? இதற்குப் பதில் எழுது. முடிவை இன்னும் மேலே கொடுக்கவில்லை.

ராத்தா


பண்டாரவளை
18.02.1974

அன்பு மகள் ஜெனீராவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. (நான் சொல்லச் சொல்லத் தம்பி எழுதுகிறான்.)

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் சுகம். உம்மா உனக்கு மாசிச் சம்பல் அனுப்பச் சொல்கிறார்.

முடிவைக் கேட்டேன். நீ எதையும் மறைக்க வேண்டாம், மாற்ற வேண்டாம். உன் வேலை உண்மையைச் சொல்வது. வருகிற ஞாயிறு பூனாகலைக்குப் போய்ப் பன்னிரண்டு வீட்டார் முன்னிலையிலும், என் விதையால்தான் வந்தது என்று சொல்லப் போகிறேன். இனி விதை விற்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் விற்றேன், ஒரு சாக்குத் திரும்பி வந்ததில்லை. அது போகட்டும். அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். என்னை நம்பித்தான் அந்த நிலத்தைக் கொத்தினார்கள். அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு.

வாப்பா

பி.கு: ராத்தா, சாம்பல் கேட்டிருந்தீர்கள். பூனாகலையிலும் அடுப்பு எரிகிறது.
ஸரூக்


பண்டாரவளை
25.02.1974

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியே என நம்புகிறேன்.

இத்துடன் இன்னொரு டின். ஆராய்ச்சி என்றால் ஒருமுறை செய்ததோடு விடக்கூடாது, இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் விஞ்ஞான மாஸ்டர் அடிக்கடி சொல்வார். அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை. பூனாகலை இலை சனிக்கிழமை பறித்தது. நம் வீட்டு இலையும் புதிதாக வைத்திருக்கிறேன்.

மழை இல்லை. நாய் படுத்திருந்தது. நல்லம்மாக்கா வேலைக்குப் போயிருந்தார். பின்னேரம் வரும்வரை லயத்து வாசலில் இருந்தேன். வந்தவர் ஒரு ரொட்டியை ஐந்தாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் பங்கிலிருந்து எனக்கும் ஒரு துண்டு பிய்க்கப் பார்த்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். "ஒங்க வாப்பா மேல எனக்குக் கோவமில்ல தம்பி. ஆனா இந்தச் சனத்துக்கு நான்தானே வாங்கிக் குடுத்தேன்? என் மூஞ்சியப் பாத்துதானே கேக்குறாங்க?" என்றார்.

அவருடைய வேலி ஓரம் ஒரு வரிசை பழைய மிளகாய்ச் செடி. அந்த இலைகளும் சுருண்டிருந்தன. அதையும் மூன்றாவது பொதியாக வைத்திருக்கிறேன். பூனாகலை இலைகளில் சாம்பல் இல்லை.

வாப்பா நேற்றுப் போகவில்லை. அவருடைய செருப்புக் காணாமல் போய்விட்டது. வெறுங்காலோடு போய் மன்னிப்புக் கேட்கிற மனிதர் இல்லையே அவர். இன்று காலை உம்மா அதை மாவுப் பீப்பாய்க்குள் கண்டெடுத்தார். பீப்பாய் வெறுமையாக இருந்ததால் செருப்புக்குச் சேதம் இல்லை, எனக்குத்தான். இன்னும் இரண்டு மூன்று ஞாயிறு தாக்குப் பிடிப்பேன். அவசரம் ராத்தா.

ஸரூக்


கண்டி
13.03.1974

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மாசிச் சம்பல் கிடைத்தது, விடுதியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். உம்மாவிடம் சொல். வாப்பாவின் செருப்பு இப்போது எங்கே?

உட்கார்ந்து வாசி. நம் வீட்டு இலையும் பூனாகலை இலையும் இந்த முறை வில்லாகச் சேரவில்லை. முள்ளு நீண்டது! ஐந்து தட்டிலும் நீண்டது. இரண்டும் சொந்தக்காரர்கள், ஆனால் உடன்பிறந்தவர்கள் இல்லை. சாச்சா பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக்கொள். அதோடு, நீ வைத்த மிளகாய் இலை நல்லம்மாக்காவின் கிழங்கு இலையோடு ஒரே வில்லாகச் சேர்ந்தது. இலைக்கடியில் ஒட்டிச் சாறு குடிக்கும் சின்னப் பச்சைப் பூச்சி மிளகாயிலிருந்து கிழங்குக்குத் தூக்கிப் போயிருக்கிறது. நம் வீட்டுச் செடிகளுக்கு உம்மாவின் தக்காளியிலிருந்து வந்திருக்கலாம். விதை சுத்தம். மிளகாயை யோசித்து எடுத்தாயே, அதற்கு என் பாராட்டு.

ஆனால் இது முடிவு இல்லை. எங்கள் பதிவில் 'பூனாகலை' என்று இரண்டு பொதி இருக்கிறது. முதலாவதில் நம் வீட்டு வைரஸ், இரண்டாவதில் வேறொன்று. எங்கள் ஆய்வுகூடத்துப் பெரியவர் சொல்கிறார்: "அப்படியானால் அந்தத் தோட்டத்தில் இரண்டும் இருக்கிறது, விதையோடு ஒன்று போயிருக்கிறது என்றே எழுத வேண்டும்." அப்படி எழுதினால் வாப்பாவின் தடை நிற்கும். பூனாகலையிலும் மிளகாயை யாரும் பிடுங்க மாட்டார்கள், அடுத்த போகமும் இதே கதி.

முதல் பொதியை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் இருந்தால், அனுப்பியவர் ஒரு வரி எழுதினால் போதும். பெரியவர் 29ஆம் திகதி கையெழுத்து வைக்கிறார். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாப்பாவுக்கும் இன்னும் எழுதவில்லை. இன்னும் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்லி ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

ராத்தா


பண்டாரவளை
18.03.1974

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி. மிளகாய் இலையைக் கண்டுபிடித்த மேதைக்கு மலைநாட்டில் எங்காவது சிலை வைக்க உத்தேசமா? குதிரைமேல் வேண்டாம், எனக்குப் பயம். சைக்கிள்மேல் வைக்கலாம். பீடத்தில் 'இலையுதிர்த்த இளவல்' என்று எழுதலாம்.

மீசை இப்போது பதினொரு முடி. இங்கே வெயில். பரீட்சை நெருங்குகிறது. ஆகவே நீளமாக எழுத நேரமில்லை.

ஸரூக்


கண்டி
21.03.1974

தம்பிக்கு,

ஸலாம். நலம். மீசையைப் பற்றி அறிந்து சந்தோஷம். இருபத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை.

ராத்தா


பண்டாரவளை
24.03.1974

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். இன்று உண்மையாகவே சுகம்.

முதலில் அந்த ஒரு வரி. இதைப் பெரியவரிடம் காட்டுங்கள்: 'ஜனவரியில் நான் அனுப்பிய இரண்டு பொதியும் எங்கள் வீட்டுப் பின்னால், ஒரே செடியில் பறித்தவை. நான் பூனாகலைக்குப் போகவில்லை. – ம. ஸரூக்.' வீரசிங்கம் ஐயாவும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது எப்படி என்று சொல்கிறேன்.

நேற்றுக் காலை வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். "இனியும் ஒளிக்க வாணாம் மகன். இன்டைக்கு நான் பூனாகலைக்குப் போறன்" என்றார். செருப்பை யார் ஒளித்தது என்று அவருக்கு முதலிலேயே தெரியுமாம். நான் கடைக் கதவுக்குக் குறுக்கே நின்றேன். என்னென்னவோ பகிடி வாயில் வந்தது. ஒன்றும் உதவவில்லை. உங்கள் கடிதத்தை நீட்டினேன்.

வாப்பா கண்ணாடியைப் போட்டு, பிறகு துடைத்து, பிறகும் போட்டு வாசித்தார். "அப்ப என்ட வெத இல்லியா?" என்றார். இல்லை வாப்பா. "வெத இல்லியா?" என்று மறுபடியும். இல்லை. "நளீரா, இங்க வா! வெத சுத்தமாம்!" என்று உம்மாவைக் கூப்பிட்ட சத்தத்தில் எதிர்க் கடைத் தையல்காரர் வெளியே வந்துவிட்டார். வாப்பா உப்புச் சாக்கின்மேல் உட்கார்ந்து, எவ்வளவோ காலம் மூச்சை அடக்கி வைத்திருந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார், பிறகு தக்காளிச் செடிகளை ஏசப் போனார்.

அதற்குப் பிறகுதான் வாப்பா அந்தக் கடைசிப் பந்தியை வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னேன். அட்டை பதினான்கு இல்லை, ஒன்றுகூட இல்லை. நாய் என்னைத் துரத்தவில்லை. இஞ்சித் தேநீர் உம்மா போட்டது. நல்லம்மாக்கா சொன்னதாக எழுதியது முழுக்க நான் கட்டியது. வாப்பா கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கேட்டார். "நான் சொல்லி நீ எழுதின கடிதாசில கூடவாடா நீ ஒண்டும் சொல்லல்ல?" என்றார். ராத்தா, அந்தக் கடிதத்தை எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து நேரே வீரசிங்கம் ஐயாவிடம் கூட்டிப் போனார். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "அடேய், பொதிமேலை நீர் எழுதின ஒரு துண்டை நம்பி நான் மூண்டு ஃபோம் நிரப்பினனான்! மூண்டு! ஒவ்வொண்டும் நாலு கொப்பி!" பிறகு பேனாவைத் திறந்து, "எங்கை, எழுதும். இந்த முறையாவது உள்ளதை எழுதும்" என்றார். மிளகாய்ச் செடிகளைப் பிடுங்க ஆளும் ஒழுங்கு செய்தார். முடிவு கையெழுத்தானதும் தடையை எடுத்துவிடுவாராம். குடை விஷயத்தையும் ஒரேயடியாக ஒப்புக்கொண்டேன். அது அவருக்கு மறந்தே போயிருந்தது. சொல்லியிருக்கத் தேவையில்லை.

அங்கிருந்து பூனாகலை. நல்லம்மாக்காவிடமும் சொன்னேன். அவர் மிளகாய்ப் பக்கம் திரும்பி, "இத நட்டது நான்தாங்களே" என்றார். வாப்பா உடனே, "நீங்க மொளகா நட்டீங்க, சீக்கு நடல்ல. பூச்சி செஞ்சதுக்கு நீங்க என்ன செய்ற?" என்றார். ஏப்ரல் மழைக்கு மறுபடியும் நடுவதென்றும், வாப்பா விதை கொண்டுவருவதென்றும், அந்த வேலி ஓரத்தில் அவரைக் கொடி போடுவதென்றும் பேச்சாயிற்று. அதுவரை ஒவ்வொரு சனியும் நான் போய் அந்த நிலத்தைக் கொத்திக் கொடுக்க வேண்டும். யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. நல்லம்மாக்கா மட்டும், "கையில கொப்புளம் வருமே தம்பி" என்றார். பிறகு அவரே மண்வெட்டியை எடுத்து வந்து தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹப்புத்தளைப் பக்கத்து மலையில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. கடைசியில் கேட்டார்: "அன்டைக்குப் பூனாகலைக்கு போகாம எங்கதான்டா போன?"

ரயில்வே மைதானத்தில் மேட்ச், வாப்பா. என்னைத்தான் முதலாவதாக இறக்கினார்கள்.

அவர் முகம் லேசாக வெளிச்சமானது. தானும் ஒரு காலத்தில் ஆடியவர்தானே. "எத்தன ஓட்டம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட ஒரு நாளில், இது ஒன்றை மட்டும் மறைத்து என்ன?

பூச்சியம், வாப்பா. முதல் பந்து. அதுவும் நான் அடிக்கப் போய் மட்டை கையை விட்டுப் பறந்து, நம்ம ஆள் மேலேயே விழுந்தது.

வெட்கத்துடன்,
தம்பி ஸரூக்
(மீசை உண்மையில் நாலு முடி)